வாசகர் கேள்வி – பதில்: ஓடிய கணக்கும் உண்ட கணக்கும்

கேள்வி: எனக்கு வயது 34, உயரம் 170 சென்ரிமீற்றர், நிறை 68 கிலோ. அலுவலகத்தில் இருந்தபடி செய்யும் வேலை. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, கொக்குவிலிலிருந்து பண்ணை வழியாக ஊர்காவற்றுறைப் பக்கம் சைக்கிளில் போய்த் திரும்புகிறேன். 42 கிலோமீற்றருக்கு 1 மணி 55 நிமிடம் எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் 1,400 கலோரி எரிந்ததாகக் கைத்தொலைபேசிச் செயலி சொல்கிறது. சாப்பாட்டையும் அதிலேயே பதிகிறேன். ஓடும் நாட்களில் 2,300 கலோரிக்கு மேல் போவதில்லை. மூன்று மாதமாகியும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. திரும்பும்போது வேலணை தாண்டியதும் கால்கள் சோர்ந்துவிடுகின்றன. எங்கே பிழை? (கொக்குவில் வாசகர்)

பதில்: நீங்கள் பதிவதில் பிழையில்லை, பதிந்த எண்களை வங்கிக் கணக்குப் போல நம்பியதுதான் பிழை. அமைதியாக இருக்கும் ஒருவர் கிலோ நிறைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவிடுகிறார். மணிக்கு 20 முதல் 22 கிலோமீற்றர் வேகத்தில் சைக்கிள் ஓடும்போது அது ஏறக்குறைய எட்டு மடங்காகும். உங்கள் நிறைக்கும் நேரத்துக்கும் இது சுமார் 1,040 கலோரி. அதில் 130 கலோரி நீங்கள் படுத்துக் கிடந்திருந்தாலும் செலவாகியிருக்கும். அந்த 130 நாளாந்தத் தேவையில் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால், ஓட்டத்தின் பங்கு 910 அளவில்தான் நிற்கும்.

அந்த 910 கூட ஒரு மதிப்பீடுதான். நம் குடாநாட்டில் ஏற்றம் இறக்கம் இல்லை என்பதால் வேகத்தைப் பார்த்தே உழைப்பைச் சொல்லிவிடலாம் என்று செயலி எண்ணக்கூடும்; சோளகக் காலத்தில் பண்ணைத் தாம்போதியில் மேற்கு நோக்கி ஓடியவர் அப்படி எண்ணமாட்டார். மணிக்கு 20 கிலோமீற்றரில் ஓடும்போது 15 கிலோமீற்றர் எதிர்க்காற்று வீசினால், காற்றின் தடை மூன்று மடங்காகிவிடுகிறது. திரும்பும்போது பின்காற்று கிடைத்தாலும் இழந்தது முழுவதும் மீள்வதில்லை. மிதிகட்டையில் பொருத்தும் பவர் மீற்றர் மட்டுமே செய்த வேலையை நேரடியாக அளக்கிறது. அது காட்டும் கிலோஜூல் எண்ணை அப்படியே கலோரி என்று எடுத்துக்கொண்டால் பெரிய தவறு வராது. ஆனால் அதன் விலைக்கு இன்னொரு சைக்கிள் வாங்கலாம் என்பதால் உங்களுக்கு அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

உண்ட பக்கத்தில்தான் பெரிய ஓட்டை. நீங்கள் அனுப்பிய பதிவில் காலைச் சாப்பாடு “புட்டு, ஒரு கோப்பை, 250” என்றிருக்கிறது. சென்ற ஞாயிறு எங்கள் வீட்டில் நீத்துப்பெட்டியை அடுப்பில் வைக்கும் முன் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தேன். இருவருக்கு அரிசிமா 180 கிராம், துருவிய தேங்காய் 110 கிராம். மாவில் சுமார் 650 கலோரி, தேங்காயில் சுமார் 385. ஆளுக்கு 500 ஐத் தாண்டிவிட்டது, சொதியும் கத்தரிக்காய்ப் பொரியலும் இன்னும் கோப்பைக்கு வரவேயில்லை. செயலியின் பட்டியலில் உள்ள புட்டு எந்த ஊர்ப் புட்டோ தெரியாது, நம் வீட்டுத் தேங்காய் அதற்குள் அடங்காது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கத்தரிக்காய் எத்தனை கரண்டி குடிக்கும் என்பதைப் பொரிப்பவரிடம் கேளுங்கள். ஆகவே சமைத்த பின் கோப்பையாக எண்ணாமல், சமைக்கும் முன் மாவையும் தேங்காயையும் எண்ணெயையும் மின்தராசில் நிறுத்துப் பங்கிடுங்கள். உங்கள் 2,300 உண்மையில் 2,800 ஐ எட்டியிருந்தாலும் நான் வியக்கமாட்டேன். ஓடாத நான்கு நாட்களின் பதிவை நீங்கள் அனுப்பவில்லை என்பதையும் கவனித்தேன்.

கால் சோர்வுக்குக் காரணம் வேறு. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோசனாகச் சேமித்துள்ள மாச்சத்து ஓரளவே. இரவுப் பட்டினியில் ஈரலின் பங்கு இன்னும் குறைந்துவிடுகிறது. கடும் வேகத்துக்கு உடல் நம்புவது அந்தச் சேமிப்பைத்தான், கொழுப்பு அவ்வளவு விரைவாகக் கைகொடுக்காது. புறப்படும் முன் இரண்டு கதலிப்பழம் சாப்பிடுங்கள். அரை லீற்றர் தண்ணீரில் 30 கிராம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, தேசிக்காய்ச் சாறு கலந்து கொண்டுபோங்கள். கூடவே சட்டைப்பையில் ஒரு துண்டு பனங்கட்டியும் இருக்கட்டும். ஒரு மணிக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. மெலிய வேண்டுமென்று இதை வெட்டினால், எட்டு மணிப் பசியில் அதன் இரண்டு மடங்கைப் புட்டாக உண்பீர்கள். இப்போது நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஓட்டம் இல்லாமல் உங்கள் நாளாந்தத் தேவை ஏறத்தாழ 2,150 கலோரி. மூன்று ஓட்டத்தை ஏழு நாளுக்குப் பகிர்ந்தால் 2,500 ஐச் சற்றுத் தாண்டும். சராசரி 2,200 உண்டால், 7,700 கலோரிக்கு ஒரு கிலோ கொழுப்பு என்ற கணக்கில், வாரத்துக்குக் கால் கிலோ அளவில் குறைய வேண்டும். ஓடும் நாளில் கூடுதலாகவும் ஓடாத நாளில் குறைவாகவும் உண்ணுங்கள். காலையில் வெறும் வயிற்றில் நிறுத்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு கிராம் கிளைக்கோசன் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைப்பதால், தனி ஒரு நாளின் நிறை ஏமாற்றும். நான்கு வாரத்தில் அந்தச் சராசரி அசையாவிட்டால், செயலி என்ன சொன்னாலும், நாளொன்றுக்கு 150 கலோரியைக் குறையுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. சைக்கிள் ஓட்டப் போட்டிக்காகத் தினமும் பயிற்சி செய்கிறாள். கலோரி எண்ணி 1,400 உடன் நிறுத்திவிடுகிறாள். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. பயிற்சியால் அப்படித்தான் இருக்கும் என்கிறாள். (பருத்தித்துறை வாசகி)

பதில்: அப்படி இருக்கக் கூடாது, அம்மா. பயிற்சிக்குச் செலவானது போக உடலின் மற்ற வேலைகளுக்குப் போதிய சக்தி மிஞ்சாதபோது, உடல் முதலில் நிறுத்தும் வேலைகளில் மாதவிலக்கும் ஒன்று. எலும்பு வலுவாகும் வயதில் இது எலும்பையும் பாதிக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் இதைச் சார்புச் சக்திக் குறைபாடு என்ற பெயரில் வரையறுத்தது. ஆண் வீரர்களுக்கும் இது வரும். தைரொயிட் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், இந்த வாரமே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். எண்ணும் செயலியை மகளின் கைத்தொலைபேசியிலிருந்து அகற்றிவிடுங்கள். திட்டாமல், பேசி அகற்றுங்கள். பரிசோதனைகள் முடிந்து வைத்தியர் சொல்லும்வரை, சைக்கிளைப் பாடசாலைக்குப் போய்வர மட்டும் ஓடட்டும்.