சிறுபான்மைச் சமூக இளையோர் மனநல சிகிச்சைக்கு வராததற்குக் கூச்சம்தான் காரணமா?

சிறுபான்மைச் சமூகத்துப் பிள்ளைகள் மனநல சிகிச்சைக்குக் குறைவாக வருவது அவரவர் வீட்டுக் கூச்சத்தால்தானே, அதை ஏன் ஏற்றத்தாழ்வு என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூச்சம் இருப்பது உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொன்னால், வழியில் கிடக்கும் தடைகளையெல்லாம் குடும்பத்தின் தலையில் கட்டிவிடுகிறோம்.

நான் மும்பை தாராவியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். என்னிடம் படித்த 16 வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி சில மாதங்களாகத் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் வாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் முதலில் தெருமுனை டாக்டரிடம் சத்து ஊசி போட்டார், பிறகு கயிறு மந்திரித்துக் கட்டினார், கடைசியில் நான் வற்புறுத்தியதால் மூவரும் ஒரு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். "நெஞ்சுல பாரமா இருக்குங்கா, சோறு எறங்க மாட்டேங்கு" என்று தாய் சொன்னதை மகள் இந்தியில் நெஞ்சுவலி, பசியில்லை என்று சுருக்கிவிட்டாள். மருத்துவர் பரிவானவர். உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார். அவள் ஓபி சீட்டின் ஓரத்தைச் சுருட்டியபடி இல்லை என்று தலையாட்டினாள். "டாக்டர் என்ன கேக்காரு?" என்று தாய் கேட்டதற்கு, "ராத்திரி தூங்குதியான்னு கேக்காரும்மா" என்றாள்.

எனக்கு இந்தி தெரியும் என்பதால், அவளோடு தனியாகப் பேசும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தாயை வெளியே அழைத்துச் சென்றேன். அரை மணி நேரம் கழித்துத்தான் உண்மை வெளிவந்தது. யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை, இழிவாகப் பேசவுமில்லை. அப்படியிருந்தும், தன் நோய்க்குத் தானே மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டியிருந்த ஒரே காரணத்தால், சொல்ல வேண்டியதைத் தாய்க்கு முன்னால் சொல்ல முடியாத நிலையில் அவள் இருந்தாள். மராத்தி பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சுமை கிடையாது. ஏற்றத்தாழ்வு என்று நான் சொல்வது இதைத்தான்.

இங்கிலாந்தில் இதன் இன்னொரு முகம் தெரிகிறது. அங்கே வெள்ளையரினப் பிள்ளைகள் பெரும்பாலும் குடும்ப மருத்துவர் வழியாக மனநல சேவைக்கு வருகிறார்கள். கறுப்பினப் பிள்ளைகளோ சமூகநலத் துறை போன்ற வழிகளில், சிக்கல் முற்றிய பிறகு வந்து சேர்வது ஒப்பீட்டளவில் அதிகம். மனநலச் சட்டத்தின்கீழ்க் கட்டாயமாக அனுமதிக்கப்படும் விகிதமும் கறுப்பினத்தவரிடம் வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் மேல். அதிகாரத்தின் கையால் தொடங்கும் சிகிச்சையை ஒரு சமூகம் நம்பத் தயங்குவதைக் கூச்சம் என்று எப்படிச் சொல்வது? தாராவியிலும், 1960களில் தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுந்த முழக்கங்களைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள், அரசு அலுவலகத்தில் அதிகம் பேசாதே என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்தியாவின் 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றது. எல்லோருக்குமே பற்றாக்குறையான ஒன்றில், மொழி தெரியாதவர் வரிசையின் கடைசிக்குப் போகிறார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதி, மதம், பண்பாடு, வர்க்கம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்பதோடு, நோய் பற்றிய தகவல் அவரவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த உரிமை தாய்க்கும் உண்டு என்பது அன்று எனக்கே தெரியாது.

உங்களுக்குத் தெரிந்த பிள்ளை யாரும் இப்படி இருந்தால், இரண்டு மொழியும் தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்; பிள்ளையிடம் தனியாகப் பேசும்படி மருத்துவரைக் கேளுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஓபி நாளுக்காகக் காத்திருக்காமல், அந்த நேரமே அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.