டெபி வீடு திரும்பிய பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) படம் பார்த்தேன். கொமாஞ்சி என்ற அமெரிக்கப் பழங்குடியினர் தூக்கிச்சென்ற தன் சகோதரன் மகள் டெபியை ஈதன் வருடக்கணக்கில் தேடுகிறான். அவளும் கொமாஞ்சியாகிவிட்டாள் என்பதால், கண்டுபிடித்தால் கொன்றேவிடுவான் என்று பயந்துகொண்டே இருந்தேன். கடைசியில் அவளைக் கைகளில் தூக்கி ‘வீட்டுக்குப் போகலாம்’ என்றபோது அழுதுவிட்டேன். இது நிஜமாக நடந்த கதையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நானும் அந்த இடத்தில் அழுதவன்தான். ஆனால் சிந்தியா ஆன் பார்க்கரைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

படத்துக்கு மூலம் ஆலன் லெமேயின் நாவல். அதன் பின்னால் இருப்பதாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது சிந்தியாவின் கதை. 1836 மே மாதம் டெக்சஸில் பார்க்கர் கோட்டையைத் தாக்கி கொமாஞ்சிகள் தூக்கிச்சென்றபோது அவளுக்கு ஒன்பது வயது இருக்கும். அவளையும் ஒரு பெரியப்பா பல வருடம் தேடி அலைந்தார், ஜேம்ஸ் பார்க்கர். அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் கொமாஞ்சியாகவே வளர்ந்தாள். பேட்டா நொக்கோனா என்ற தலைவனை மணந்து மூன்று பிள்ளைகள் பெற்றாள். 24 வருடம் கழித்து, 1860 டிசம்பரில், பீஸ் ஆற்றங்கரை முகாமைத் தாக்கிய டெக்சஸ் ரேஞ்சர்கள் என்ற ஆயுதப் படையினர் கைக்குழந்தையோடு அவளைப் பிடித்தார்கள். நீலக் கண்களைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரி என்று தெரிந்ததாம். ஊரே கொண்டாடியது. சட்டமன்றம் நிலமும் ஆண்டுக்கு நூறு டாலர் உதவித்தொகையும் அறிவித்தது.

அவளோ திரும்பத் திரும்பத் தப்பி ஓடப் பார்த்தாள். அந்தப் பக்கம் இரண்டு மகன்கள் இருந்தார்கள். அவர்களை அவள் அப்புறம் பார்க்கவே இல்லை. அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. மகள் டாப்சானா மடியில் பால் குடிக்கிறாள், தாயின் தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருக்கிறது. கொமாஞ்சிகளிடம் அது துக்கத்தின் அடையாளம். அவளை மீட்டதாக ஊர் மகிழ்ந்தபோது அவள் துக்கம் காத்துக்கொண்டிருந்தாள். சில வருடங்களில் அந்தக் குழந்தையும் நோயில் போனது. 1871 வாக்கில் அவளும் இறந்தாள்.

ஃபோர்டுக்கு இது புரியாமல் இல்லை என்றே நினைக்கிறேன். நடுவில் டெபி ‘இவர்கள்தான் என் மக்கள்’ என்று சொல்கிறாளே! ஆனால் படம் அவளைச் சீக்கிரமே மனம் மாற்றிவிடுகிறது. அது எனக்கு உறுத்துகிறது. கொமாஞ்சித் தலைவன் ஸ்காராக நடித்தவர்கூட ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன். மற்ற கொமாஞ்சிகளாக வந்தவர்களில் பெரும்பாலானோர் நவஹோ என்ற வேறொரு பழங்குடியினர். படமெடுத்த மான்யுமென்ட் வேலி அவர்களுடைய மண், கொமாஞ்சிகளுடையது அல்ல.

கடைசிக் காட்சியை இன்னொருமுறை பாருங்கள். எல்லோரும் வாசலில் நிற்கும் ஜான் வெய்னைத்தான், ஈதனாக நடித்தவரைத்தான், பார்க்கிறோம். டெபியைப் பாருங்கள். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போகிறாள்.

சிந்தியாவின் மூத்த மகன் குவானா பார்க்கர், 1875-ல் சரணடைந்த கொமாஞ்சித் தலைவர். தாயின் குடும்பப் பெயரையே தன் பெயரோடு வைத்துக்கொண்டவர். 1910-ல் அம்மாவின் எலும்புகளை டெக்சஸிலிருந்து ஓக்லஹோமாவுக்கு, தன் மக்கள் வாழும் இடத்துக்கு, கொண்டுவந்து அடக்கம் செய்தார். அடுத்த பிப்ரவரியில் அவரும் இறந்தார். அம்மாவுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

அன்புடன்