‘சாப்பிட்டியா?’ என்றால் ‘சாப்பிட்டியா’ என்கிறான்

பாம்பனிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “மகனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டால் ‘சாப்பிட்டியா’ என்றே திருப்பிச் சொல்கிறான். ராத்திரி படுக்கையில் மீன் ஏலக்காரர் குரலில் ‘முன்னூறு, முன்னூத்தம்பது’ என்று ஓட்டுகிறான். அவன் அப்பா கடலுக்குக் கிளம்பினால், ஒலிபெருக்கியில் கேட்ட ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ வருகிறது. கேலி செய்கிறான் என்று அப்பா அடிக்கிறார். ஏர்வாடிக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார் மாமியார். என்ன செய்வது?”

அடிப்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அவன் கேலி செய்யவில்லை. அடித்தால் இந்தப் பழக்கம் போகாது, வாய் திறக்கவே பயப்படுவான்.

இதற்கு எக்கோலாலியா என்று பெயர். எதிரொலிப் பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சு பழகும் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்ச நாள் இப்படிச் செய்வார்கள், மூன்று வயதுக்குள் பெரும்பாலும் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் இது குறையாமல் இருந்தால் பரிசோதிக்க வேண்டும். ஆட்டிசம், அதாவது மற்றவர்களோடு பேசிப் பழகுவது வேறு மாதிரி அமையும் வளர்ச்சி நிலை, உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம். ஆனால் பேச்சு வளர்ச்சி தாமதமானவர்களிடமும் பார்வைக் குறை உள்ளவர்களிடமும் உண்டு. இதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவு கட்டக் கூடாது.

நம் பேச்சைக் கவனியுங்கள். ‘சாப்பிட்டியா?’ என்றால் நாமும் ‘ஆமாம்’ என்பது குறைவு, ‘சாப்பிட்டேன்’ என்போம். கேட்டதையே எடுத்து வால் மாற்றிச் சொல்கிறோம், அவ்வளவுதான். உங்கள் மகனுக்கு வாக்கியம் முழுக்கட்டியாக மனதில் நிற்கிறது, வாலை மாற்ற வரவில்லை. அவன் ‘தண்ணி வேணுமா’ என்றால் பெரும்பாலும் ‘வேணும்’ என்று அர்த்தம். 1943-இல் ஆட்டிசத்தை விவரித்த லியோ கானரே, இந்தப் பிள்ளைகள் ‘ஆமாம்’ என்பதற்குப் பதில் கேள்வியைத் திருப்பிச் சொல்வதைக் குறித்திருக்கிறார். ‘ஆமாம் என்று சொன்னால் தோளில் தூக்குவேன்’ என்றாராம் ஒரு சிறுவனின் அப்பா. அப்புறம் அவனுக்கு ‘ஆமாம்’ என்றாலே ‘தோளில் தூக்கு’ என்றாகிவிட்டது!

அதனால் கேள்வியைக் குறையுங்கள். டம்ளரை நீட்டும்போது, அவன் சொல்ல வேண்டியதை அவன் வாயாக நீங்களே சொல்லுங்கள்: ‘தண்ணி வேணும்.’ சொல்லிவிட்டுக் கொடுத்துவிடுங்கள். ‘தண்ணி வேணும்னு சொல்லு’ என்று மட்டும் வேண்டாம். அந்தச் ‘சொல்லு’வும் சேர்ந்தே திரும்பி வரும்.

ஏலம் வேறு வகை. என்றோ கேட்டது பிறகு வருகிறது. தூக்கம் வருவதற்கு முன் தன்னைத் தானே தாலாட்டிக்கொள்வதாக இருக்கலாம். விட்டுவிடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் புயல் அறிவிப்பை நான் அப்படி விடமாட்டேன். அப்பா செருப்பை மாட்டும்போது மட்டும் அது வருகிறதென்றால், ‘போகாத’ என்று சொல்ல அவனிடம் இருக்கும் ஒரே வாக்கியம் அதுவாக இருக்கலாம். அந்த நேரத்தில் ‘அப்பா போகாத’ என்று எடுத்துக் கொடுங்கள். ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: என்ன சொன்னான், எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது.

பெரியவர் ஒருவர் திடீரென்று இப்படிப் பேச ஆரம்பித்தால் கதை வேறு. பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள்.

ஏர்வாடி தர்காவுக்குப் போவது உங்கள் நம்பிக்கை, நான் தடுக்கவில்லை. மருத்துவமனையைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போய், வளர்ச்சி தாமதமான பிள்ளைகளைப் பரிசோதித்துப் பயிற்சி தரும் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்கிறானே, காது நன்றாகத்தான் கேட்கும் என்று விடாமல் காதுப் பரிசோதனையும் செய்யுங்கள். அப்புறம் பேச்சுப் பயிற்சி. புது இடத்தில் அவன் வாயே திறக்காமல் போகலாம், அதனால் ஏலம் விடுவதை செல்போனில் எடுத்து, நோட்டோடு கொண்டுபோங்கள்.