பூட் பார்ட்டிஷனில் இடம் போதவில்லையா? இனிட்ராம்எஃப்எஸ்ஸை இளைக்க வைக்கலாம்

கேள்வி: என் கணினியில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. பூட் பார்ட்டிஷன் 512 எம்பிதான். கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அப்டேட் வரும்போதெல்லாம் இடமில்லை என்று பாதியில் நின்றுவிடுகிறது. இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை (பூட் ஆகும்போது கெர்னல் முதலில் ஏற்றி, முதன்மை வட்டுப் பகுதியைத் திறக்கப் பயன்படுத்துவது) இன்னும் இறுக்கிச் சுருக்கினால் போதுமா?

பதில்: சுருக்கும் முறையைக் கடைசியாகப் பார்ப்போம். இப்போது இடமே இல்லையென்றால், முதலில் ஏபிடி ஆட்டோரிமூவ் கட்டளையை ஓட்டிப் பழைய கெர்னல்களை நீக்குங்கள். இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்கும்போது புதிய கோப்பு பழையதன் பக்கத்திலேயே முழுதாக எழுதப்பட்டு, அப்புறம்தான் அதன் இடத்தைப் பிடிக்கும். அதனால் அளவைக் குறைக்கும் வேலைக்கே கொஞ்சம் இடம் தேவை.

அடுத்து, எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை எல் ஆப்ஷனோடு ஓட்டி, வரும் பட்டியலை அளவு வாரியாக அடுக்குங்கள். உச்சியில் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுகளின் மாட்யூல்களும் (கெர்னலில் தேவைக்கேற்ப ஏற்றப்படும் டிரைவர்கள்) ஃபர்ம்வேரும்தான் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) நிற்கும். ஒரு மாட்யூல் உள்ளே வந்தால், அது தன் குறிப்பில் சொல்லும் அத்தனை ஃபர்ம்வேர் கோப்புகளும் கூடவே வந்துவிடும். ஏஎம்டி டிரைவர் ஒன்று வந்தாலே, உங்களிடம் இல்லாத பல தலைமுறைக் கார்டுகளின் ஃபர்ம்வேரும் சேர்ந்து வருவது இதனால்தான். ரூட் பார்ட்டிஷனை (இயங்குதளம் இருக்கும் முதன்மைப் பகுதியை) மவுண்ட் செய்வதற்கு, அதாவது இணைத்துத் திறப்பதற்கு, இவற்றில் எதுவும் வேண்டியதில்லை.

ஈடிசி கோப்புறைக்குள் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் கோப்புறையில் உள்ள அமைப்புக் கோப்பைத் திறந்தால் மாட்யூல்ஸ் என்ற வரி இருக்கும். அதன் மதிப்பு மோஸ்ட் என்றால், எந்தக் கணினியிலும் பூட் ஆகும்படி டிரைவர்களை அள்ளிப்போடு என்று பொருள். அதை டெப் (டிபென்டென்சி என்பதன் முதல் மூன்று எழுத்துகள்) என்று மாற்றிவிட்டு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்ஸை யு ஆப்ஷனோடு ஓட்டுங்கள். இனி இந்தக் கணினிக்குத் தேவையானவை மட்டும் உள்ளே போகும். மாற்றியும் அளவு குறையவில்லையென்றால் பக்கத்திலேயே உள்ள கான்ஃப்-டி கோப்புறையைப் பாருங்கள். அங்கே டிரைவர்-பாலிசி என்ற கோப்பில் வேறு மதிப்பு இருந்தால் அதுதான் செல்லும்.

இதில் ஒரு அபாயம் உண்டு. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ, வட்டுக் கன்ட்ரோலரை மாற்றினாலோ பூட் ஆகாமல் போகலாம். நல்லவேளையாக, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளை புதிய கெர்னலின் கோப்பை மட்டுமே தொடும். பழைய கெர்னல் ஒன்றை அப்படியே விட்டுவைத்தால், சிக்கல் வரும்போது கிரப் மெனுவிலிருந்து (கணினி தொடங்கும்போது எந்தக் கெர்னல் என்று கேட்கும் பட்டியல்) அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

கெர்னலை நீங்களே கம்பைல் செய்தீர்களா? அப்படியானால் குற்றவாளி வேறு. மாட்யூல்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் டீபக் (பிழை தேட உதவும்) தகவலே கோப்பை நூற்றுக்கணக்கான எம்பிக்கு ஊதவைக்கும். மாட்யூல்களை நிறுவும்போது இன்ஸ்டால்-மாட்-ஸ்ட்ரிப் மாறிக்கு 1 என்று கொடுத்தால் அந்தச் சுமை இறங்கிவிடும்.

சரி, இப்போது சுருக்கும் முறைக்கு வருவோம். அதே அமைப்புக் கோப்பில் கம்ப்ரெஸ் என்ற வரியில் எக்ஸ்இசட் என்ற முறையைப் போட்டால் கோப்பு நன்றாகச் சிறுக்கும், ஆனால் பூட் ஆகும்போது விரிய நேரமெடுக்கும். பழைய பிராசஸரில் அது கண்ணுக்கே தெரியும். இசட்எஸ்டிடி என்ற முறையில் கோப்பு சற்றுப் பெரிதாக இருந்தாலும் வேகமாக விரியும், கெர்னல் 5.9 முதல் வேலை செய்யும். டெப் மாற்றத்துக்குப் பிறகு இடம் போதுமென்றால் இசட்எஸ்டிடியிலேயே இருங்கள்.