லிக்னினும் சிலிக்காவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மரத்திலிருந்து பிரித்தெடுக்கும் லிக்னினையும், உமிச் சாம்பலிலுள்ள சிலிக்காவையும் காரத்தில் கரைத்து, ஆசிட் விட்டு ஒரே தூளாகப் படியவைப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

காங்கேயம்: அரிசி ஆலை பாய்லர்ல இருந்து வர்ற உமிச் சாம்பல் மூட்டை மூட்டையாக் கெடக்குதுங்க. சிலிக்காவுக்கு அதையே எடுத்துக்கலாமுங்களா?

எடுக்கலாம், சோதித்துவிட்டு. உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். நன்கு எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. 700 டிகிரிக்குள் எரிந்திருந்தால் அந்தச் சிலிக்கா காஸ்டிக் சோடாவில் கரையும். அதற்கு மேல் வெகுநேரம் வெந்தது படிகமாகிவிடும், லேசில் கரையாது. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். படிகச் சாம்பலும் வெள்ளையாகத்தான் இருக்கும். 10 கிராம் சாம்பலை 80 மி.லி. காஸ்டிக் கரைசலில் (லிட்டருக்கு 100 கிராம்) ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். வடிதாளில் கரி மட்டும் தங்கினால் நல்ல சாம்பல். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்துவிடும். படிகத் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

நாமக்கல்: கோழித் தீவனக் குருணை ஒட்டறதுக்குப் போடற லிக்னின் தூள் ஆகுமுங்களா?

ஆகாது. அது லிக்னோசல்ஃபோனேட். சாதாரண நீரிலும் கரையும், ஆசிட் ஊற்றினாலும் படியாது. நமக்கு வேண்டியது கிராஃப்ட் அல்லது சோடா முறையில் (காகிதக் கூழ் எடுக்கும் இரு முறைகள்) பிரித்த லிக்னின். ஒரு சிட்டிகையை வெறும் நீரில் போட்டால் கரையக் கூடாது. காஸ்டிக் சேர்த்தால் கரைய வேண்டும். காகித ஆலைகளின் பிளாக் லிக்கரை (கூழ் எடுத்தபின் மிஞ்சும் கறுப்புத் திரவம்) வாங்கி வீட்டுக் கொட்டகையில் ஆசிட் ஊற்றிவிடாதீர்கள். கிராஃப்ட் லிக்கரிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அது ஆளைக் கொல்லும் வாயு.

ஈரோடு: ரெண்டையும் கலந்து ஆசிட் விட்டா முழுசும் ஜெல்லி மாதிரி உறைஞ்சு போகுது. வடிகட்டவே முடியலைங்க. எங்க தப்பு?

கரைசல் அடர்த்தியாக இருந்திருக்கும், ஆசிட் வேகமாக விழுந்திருக்கும். காரத்தில் இரண்டும் கரைந்திருக்கின்றன. ஆசிட் விட விட முதலில் சிலிக்காவும், பின்னால் லிக்னினும் வெளியே வரும். பி.எச். (அமில, கார அளவு) 10இலிருந்து 7க்கு இறங்கும் கட்டத்தில்தான் சிலிக்கா வலைபோல் பின்னி உறையும். அந்த இடத்தை அவசரப்படாமல் கடக்க வேண்டும்.

சரிபாதிக் கலவைக்கு ஓர் அளவு: 12 கிராம் நல்ல சாம்பலை 100 மி.லி. காஸ்டிக் கரைசலில் (அதே லிட்டருக்கு 100 கிராம்) கொதிக்கவைத்து வடித்து, நீர் சேர்த்து 200 மி.லி. ஆக்குங்கள். 10 கிராம் லிக்னினை 2 கிராம் காஸ்டிக் போட்ட 200 மி.லி. நீரில் கரையுங்கள். இரண்டையும் சேர்த்து 70 டிகிரிக்குச் சூடாக்கி, விடாமல் கலக்கியபடி 10 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காரத்தை நடுநிலையாக்க மட்டும் ஏறக்குறைய 150 மி.லி. பிடிக்கும். கலங்கத் தொடங்கியதும் வேகத்தைப் பாதியாக்குங்கள். பி.எச். 3இல் நிறுத்தி, அதே சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். துகள் பருத்து, வடிப்பது எளிதாகும். வடிநீர் காப்பி நிறத்தில் இருந்தால் லிக்னின் முழுதும் படியவில்லை, இன்னும் கொஞ்சம் ஆசிட் வேண்டும்.

கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை, துகளில் கால்சியத்தை ஏற்றிவிடும். ஆர்.ஓ. நீரில் இரண்டு சொட்டு ஆசிட் விட்டு முதல் கழுவல், பிறகு வெறும் ஆர்.ஓ. நீர். வடிநீரில் ஒரு சொட்டு பேரியம் குளோரைடு விட்டுக் கலங்கவில்லை என்றால் சோடியம் சல்ஃபேட் போய்விட்டது. 60 டிகிரியில் உலர்த்துங்கள். ஒரு கிராமை 600 டிகிரியில் முழுக்க எரித்தால் ஏறக்குறைய அரை கிராம் மிஞ்ச வேண்டும். கூடுதலாக நின்றால் உப்பு தங்கியிருக்கிறது அல்லது லிக்னின் வடிநீரோடு போயிருக்கிறது. குறைந்தால் சாம்பல் சரியாகக் கரையவில்லை.

திருப்பூர்: சாயக் கழிவு நீரை இந்தத் தூள் சுத்தம் பண்ணுமுங்களா?

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் எதிர்மின் ஏற்றம் உடையது. இந்தத் தூளின் மேற்பரப்பும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். பலன் மிகக் குறைவு. மெத்திலீன் நீலம் போன்ற நேர்மின் சாயங்களையும் ஈயம், செம்பு போன்ற உலோக அயனிகளையும் நன்றாகப் பிடிக்கும். ரியாக்டிவ் சாயத்துக்கு லிக்னினில் அமீன் தொகுதி (நேர்மின் ஏற்றம் தரும் நைட்ரஜன் தொகுதி) ஏற்ற வேண்டும். அது தனி வேலை. சாயப் பட்டறைகள் மீதான 2011 உயர் நீதிமன்றத் தடைக்குப் பின் திருப்பூரில் நிலைத்த பூஜ்ஜியக் கழிவு முறைக்கு (கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவது) இந்தத் தூளை மாற்றாக நினைக்கவே வேண்டாம்.

கோவை: பாலிபுரொப்பலீன்ல கலந்து பம்பு பாகம் வார்க்கலாமா?

வார்க்கலாம். லிக்னின் 200 டிகிரி வாக்கில் சிதையத் தொடங்குவதால் பேரல் (வார்ப்பு எந்திரத்தில் பிளாஸ்டிக்கை உருக்கும் உருளை) சூடு 190ஐத் தாண்டக் கூடாது. நைலான் 66க்கு இது ஒத்துவராது. தூளை 80 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள், இல்லாவிட்டால் பாகத்துக்குள் குமிழி நிற்கும். மேலீக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரொப்பலீன் 2 முதல் 3 சதவீதம் சேர்த்தால்தான் தூளும் பிளாஸ்டிக்கும் ஒட்டும். பழுப்பு நிறம் போகாது. வெள்ளைப் பாகம் கேட்கும் ஆர்டருக்கு எடுக்காதீர்கள்.