பையைத் திருப்பிப் பாருங்கள், வறுத்த தேதி இருக்கிறதா?

வீட்டில் எஸ்பிரெஸ்ஸோ போட ஆரம்பித்தவர்களின் கேள்விகள் சில வாரங்களாகவே சேர்ந்துகொண்டிருந்தன. படித்துப் பார்த்தால் பாதிப் பேர் மெஷினைக் குறை சொல்கிறார்கள், மீதிப் பேர் தங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்கிறார்கள். காபிக்கொட்டையைச் சந்தேகப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதனால் இந்த முறை கொட்டையைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பையில் பெரிய எழுத்தில் 'எஸ்பிரெஸ்ஸோ' என்று போட்டிருக்கும் கொட்டையைத்தான் வாங்குகிறேன். ஆனாலும் 12 விநாடியில் தண்ணீர் மாதிரி கொட்டிவிடுகிறது, மேலே க்ரெமா என்கிற அந்தப் பழுப்பு நுரைப் படலமே இல்லை. மெஷினில் ஏதாவது கோளாறா?

மெஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

எஸ்பிரெஸ்ஸோ என்று ஒரு கொட்டை கிடையாது, அது காபி இறக்கும் முறையின் பெயர். நைசாக அரைத்த தூளுக்குள் 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடான தண்ணீரை ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் தள்ளுகிறோம். 18 கிராம் தூள் போட்டால் 36 கிராம் காபி 25, 30 விநாடியில் இறங்க வேண்டும் என்பது ஆரம்பக் கணக்கு. எந்தக் கொட்டையிலும் இதைச் செய்யலாம். பையில் அந்த வார்த்தை இருந்தால் வறுத்தவர் கொஞ்சம் கூடுதலாக வறுத்திருக்கிறார், அல்லது இந்த முறைக்கு ஒத்துவரும் என்று நினைத்து ஒரு கலவை போட்டிருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நீங்கள் தேட வேண்டியது வறுத்த தேதி. நாள், மாதம், வருஷம் மூன்றும் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்று மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அந்தத் தேதியைப் பெரும்பாலும் வறுத்த நாளிலிருந்து ஒரு வருஷமோ அதற்கு மேலோ தள்ளித்தான் போடுகிறார்கள். இன்னும் 6 மாதம் பாக்கி இருக்கிறதே என்று நீங்கள் நம்பி வாங்கும் கொட்டை வறுத்து 6 மாதம் ஆனதாக இருக்கலாம். அது உடம்புக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் எஸ்பிரெஸ்ஸோவுக்குச் செத்துப்போன கொட்டை.

காரணம் இதுதான். வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய உண்டாகி உள்ளேயே அடைபட்டுக்கிடக்கும். தண்ணீர் தூளுக்குள் போகும்போது அதற்கு ஒரு தடையைக் கொடுப்பதில் இந்த வாயுவுக்குப் பங்கு உண்டு, மேலே க்ரெமாவாக வருவதும் இதே வாயுதான். பழைய கொட்டையில் வாயு போய்விட்டது, அதனால் தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறது. இன்னும் நைசாக அரைத்து வேகத்தைக் குறைக்கலாம், போன வாசனையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை: ஒரு கைப்பிடி கொட்டையை ஜிப் பையில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை முழுக்கப் பிதுக்கி வெளியேற்றி மூடி, ராத்திரி முழுக்க வெளியே வையுங்கள். காலையில் பை உப்பியிருந்தால் கொட்டையில் உயிர் இருக்கிறது. தட்டையாகவே கிடந்தால் அதை வேறு எதற்காவது வைத்துக்கொண்டு, தேதி போட்ட பை ஒன்று வாங்குங்கள். தேதி சரியாக இருந்தும் 12 விநாடிதான் என்றால் அரைக்கும் பதம் பெருவெட்டாக இருக்கிறது, கொட்டை அரைக்கும் கிரைண்டரின் பதத் திருகை நைசுப் பக்கம் திருப்புங்கள்.

கேள்வி: நேற்று வறுத்ததை நேற்றே வாங்கிவந்து போட்டேன். கப் முழுக்க நுரை, குடித்தால் நாக்கு கூசுகிறது. புதுசு என்றால் நன்றாக அல்லவா இருக்க வேண்டும்?

புதுசுதான், ஆனால் இன்னும் பக்குவப்படவில்லை. இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். வறுக்கும் இடத்துக்கே போய், பையைக் கையில் வாங்கும்போது வெதுவெதுப்பாக இருந்ததில் மயங்கி, அன்று ராத்திரியே மெஷினை ஓட்டினேன். குழாயிலிருந்து வந்தது காபி மாதிரியே இல்லை. வெளிறிய மஞ்சளில் பெரிய பெரிய குமிழிகளாகத் துப்பித் துப்பி வந்தது, கப் நிறைந்தது போல் தெரிந்தது, ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தால் நுரை அமுங்கிக் கால் கப்தான் மிச்சம். குடித்தால் புளிப்பு, அதன் பின்னாலேயே ஒரு காரமான கூச்சம். கிரைண்டரை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பித் திருப்பியே பாதிப் பையை வீணாக்கினேன். மனசு வராமல் மீதியைக் கட்டிவைத்துவிட்டு 9ஆம் நாள் எடுத்துப் போட்டபோது அதே கொட்டை, முதல் நாள் வைத்திருந்த அதே பதம், இரண்டு குழாயிலும் எலிவால் மாதிரி மெல்லிசாக, கரும்பழுப்பாக இறங்கியது. அதற்குப் பிறகு பையில் பேனாவால் 'இந்தத் தேதிக்கு முன் திறக்காதே' என்று எழுதிவைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

வாயு இல்லாவிட்டால் கெடுதல் என்று மேலே சொன்னேன், அளவுக்கு மீறி இருந்தாலும் கெடுதல்தான். தண்ணீர் தூளுக்குள் சமமாக இறங்க விடாமல் வாயு எதிர்த்துத் தள்ளும், ஓர் ஓரத்தில் வழி பிடித்துக்கொண்டு ஓடும், சில இடத்தில் தூள் சரியாக நனையவே நனையாது. அதுதான் அந்தப் புளிப்பு.

எத்தனை நாள் காத்திருப்பது என்பது வறுவலைப் பொறுத்தது. கருக வறுத்த கொட்டை உள்ளே பஞ்சு மாதிரி ஆகியிருக்கும், வாயு சீக்கிரம் போய்விடும், 4, 5 நாள் போதும். ஆனால் மூன்று வாரத்தில் இறங்குமுகம் தொடங்கிவிடும். நடுத்தர வறுவலுக்கு நான் 7 முதல் 10 நாள் விடுவேன், அங்கிருந்து ஒரு மாதம்வரை நன்றாகவே போகும். இளவறுவல் இறுக்கமான கொட்டை, இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், அவசரப்பட்டால் தரவே தராது. காத்திருக்கும்போது பையைத் திறக்க வேண்டாம். அதில் இருக்கும் சின்ன வால்வு உள்ளிருக்கும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. கடையில் பையை லேசாக அமுக்கி அந்த வால்வில் மூக்கை வைத்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம். நல்ல கொட்டை என்றால் வாசனை வந்து மோதும், பழசு என்றால் அட்டைப்பெட்டி வாடைதான் வரும்.

கேள்வி: இளசா, நடுத்தரமா, கருவறுவலா? எண்ணெய் மினுமினுக்கும் கொட்டைதான் வீரியமானது என்று நண்பர் சொல்கிறார்.

மினுமினுப்புக்கும் வீரியத்துக்கும் சம்பந்தமில்லை. சுமார் 200 டிகிரியில் கொட்டை சோளம் பொரிவது போலச் சத்தம் போட்டு வெடிக்கும், அது முதல் வெடிப்பு. அங்கிருந்து கொஞ்ச நேரத்தில் இறக்கிவிட்டால் இளவறுவல். இன்னும் விட்டால் 225 டிகிரியை ஒட்டி, சுள்ளி முறிவது மாதிரி மெல்லிய சத்தத்தோடு இரண்டாவது வெடிப்பு வரும். அந்த எல்லையைத் தாண்டினால் கொட்டையின் சுவர் உடைந்து உள்ளிருக்கும் எண்ணெய் மேலே கசியத் தொடங்கும். ஆக, கருவறுவலில் எண்ணெய் தெரிவது இயல்பு. ஆனால் வெளியே வந்த எண்ணெயில் காற்றுப் பட்டுக்கொண்டே இருக்கிறது, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், கிரைண்டருக்குள் பிசுபிசுவென்று ஒட்டித் தூளை அடைக்கும். தானாகவே அரைத்துப் போடும் மெஷின் வைத்திருப்பவர்கள் எண்ணெய் வழியும் கொட்டையைத் தொடாமல் இருப்பதே நல்லது. நடுத்தர வறுவல் கொட்டையில் எண்ணெய் பளபளத்தால் அது வயசாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எதை வாங்குவது என்றால், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் தயங்காமல் நடுத்தர வறுவல் என்றே சொல்வேன். இளவறுவலில் பழவாசனையும் இனிப்பும் அற்புதமாக வரும், எனக்கு அது உயிர். ஆனால் அந்தக் கொட்டை தன் சாரத்தை லேசில் விட்டுக்கொடுக்காது. மிக நைசாக அரைக்க வேண்டும், தண்ணீர் 94, 95 டிகிரி வேண்டும், 18 கிராமுக்கு 45 கிராம், 50 கிராம் என்று நீட்டி இறக்க வேண்டும், இதற்கெல்லாம் ஈடுகொடுக்கும் கிரைண்டரும் வேண்டும். அது இல்லாமல் போட்டால் வெறும் புளிப்புதான் வரும், கொட்டையின் மேல் பழியைப் போட்டுவிடுவீர்கள். நடுத்தர வறுவல் நம் சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். பால் சேர்ப்பவர்கள் அதிலேயே ஒரு படி கருப்பாகப் போகலாம், பாலுக்குள்ளும் சாக்லெட், பாதாம்பருப்பு மாதிரியான சுவை தெரியும்.

கேள்வி: '100 சதவீதம் அராபிகா' என்று போட்டிருந்தால் தரமானது என்று நம்பலாமா?

அது காபிச் செடியில் ஓர் இனத்தின் பெயர், ரோபஸ்டா இன்னோர் இனம், இரண்டுமே தரத்துக்குச் சான்று இல்லை. மட்டமான அராபிகாவும் இருக்கிறது, கவனமாகப் பறித்துப் பதப்படுத்திய அருமையான ரோபஸ்டாவும் இருக்கிறது. அராபிகாவில் காஃபீன் ஏறக்குறைய 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் 2.2 சதவீதம், அராபிகாவில் சர்க்கரையும் எண்ணெயும் கூடுதல், அதனால் வாசனையும் மென்மையும் கூடுதல். ரோபஸ்டாவில் கசப்பும் கனமும் வரும், க்ரெமா தடிமனாக நிற்கும். இத்தாலியில் எஸ்பிரெஸ்ஸோ கலவைகளில் ரோபஸ்டா சேர்ப்பது நெடுநாள் வழக்கம்.

க்ரெமா தடிமனாக இருந்தால் நல்ல காபி என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. 1940களின் கடைசியில் மிலானில் அகில்லே காஜ்ஜியாவின் லீவர் மெஷின் கூடுதல் அழுத்தத்தைக் கொண்டுவந்த பிறகுதான் காபியின் மேல் இந்தப் படலமே தெரிய ஆரம்பித்தது. அது அழகுதான், கொட்டை புதுசு என்பதற்கு ஓரளவு அடையாளமும்கூட. ஆனால் அதை மட்டும் ஸ்பூனில் எடுத்துச் சுவைத்துப் பாருங்கள், கசப்பாக இருக்கும். நான் கலக்கிவிட்டுத்தான் குடிக்கிறேன்.

கேள்வி: பையில் 'புளூபெர்ரி, கேரமல்' என்று எழுதியிருக்கிறது. எசன்ஸ் சேர்க்கிறார்களா?

இல்லை. வறுத்தவர் சுவைத்துப் பார்த்தபோது நினைவுக்கு வந்ததை எழுதியிருக்கிறார். பழத்தோடேயே உலர்த்திய கொட்டையில் பழவாசனை தூக்கலாக இருக்கும், எத்தியோப்பியக் கொட்டைகள் சிலவற்றில் புளூபெர்ரி நிஜமாகவே மூக்கைத் துளைக்கும். கழுவிப் பதப்படுத்தியதில் சுவை துப்புரவாக, புளிப்பு பளிச்சென்று இருக்கும். சாக்லெட், பாதாம்பருப்பு என்று எழுதியிருந்தால் எஸ்பிரெஸ்ஸோவில் பழகுவதற்குச் சுலபம், பிரேசில் கொட்டை பெரும்பாலும் அந்த வகை. எசன்ஸ் பூசிய கொட்டையும் தனியாக விற்கிறது, பையிலேயே சொல்லியிருப்பார்கள். அதைக் கிரைண்டரில் போடாதீர்கள், அந்த வாசனை லேசில் போகாது.

கேள்வி: 1 கிலோ பை வாங்கினால் மலிவு. ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம், ஈரமும் அடுத்த டப்பாவின் வாடையும் ஏறும். ஃப்ரீசர் வேறு விஷயம், அது நன்றாகவே வேலை செய்கிறது.

முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கப் என்றால் 36 கிராம் கொட்டை, 250 கிராம் பை ஒரு வாரம் வரும், அதிலும் பதம் பிடிக்க இரண்டு மூன்று ஷாட் (ஒரு முறை இறக்கும் காபி ஒரு ஷாட்) போய்விடும். 1 கிலோ என்றால் நாலு வாரம், கடைசி வாரம் சுமாராகத்தான் இருக்கும். ஆகவே பெரிய பை வாங்கினால், கொட்டை நன்றாக ருசிக்க ஆரம்பித்த நாளில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியைச் சின்னச் சின்னக் காற்றுப்புகாத பைகளாகக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்த பையை மறுபடி உள்ளே வைக்காதீர்கள், குளிர் விட்ட பிறகே திறங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். ஒரு ஷாட்டுக்கு அளந்து கட்டியதாக இருந்தால் உறைந்தபடியே அரைக்கலாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் குளிர்ந்த கொட்டை இன்னும் நைசாகவும் ஒரே சீராகவும் உடைவதாகக் கண்டார்கள், பயப்பட வேண்டாம்.

கேள்வி: தூளாகவே வாங்கினால் என்ன?

எஸ்பிரெஸ்ஸோவுக்கு ஒத்துவராது. அரைத்த அரைமணி நேரத்திலேயே வாசனை இறங்குவது தெரியும், அதைவிடப் பெரிய தொல்லை, பதத்தை மாற்றவே முடியாது. சில மெஷினோடு வரும் இரட்டை அடி பாஸ்கெட்டில் (தூள் போடும் சல்லடைக் கிண்ணம், வெளி அடியில் ஒரே ஒரு துளைதான் இருக்கும்) பழைய தூளுக்கும் நுரை வரும், அது அந்த ஒற்றைத் துளையின் வேலை. மெஷினில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது நல்ல பர் கிரைண்டர் (பிளேடால் வெட்டாமல், பல் வைத்த இரண்டு வட்டுகளுக்கு நடுவே அரைப்பது) வாங்குங்கள்.

கேள்வி: திங்கட்கிழமை 28 விநாடியில் இறங்கியது, வெள்ளிக்கிழமை 21. கிரைண்டரைத் தொடவே இல்லை. பழுதா?

கிரைண்டர் நன்றாக இருக்கிறது, கொட்டைக்கு நாலு நாள் வயசு கூடியிருக்கிறது. தினமும் கொஞ்சம் வாயு குறைகிறது, ஓட்டம் வேகமாகிறது, அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு மயிரிழை நைசாக்கிக்கொண்டே போக வேண்டும். மழை நாளில் இன்னும் மாறும். கிரைண்டர் தலையில் ஒரு வாரத்துக் கொட்டையைக் கொட்டிவைத்திருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், அன்றன்றைக்கு வேண்டியதை எடை போட்டுப் போடுங்கள். பையின் பின்பக்கமே போதும், தேதி, கிரைண்டரின் பதத் திருகை வைத்த எண், விநாடி என்று மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். என் சமையலறையில் இப்போது இருக்கும் பையில் 8ஆம் நாள் எண் 14, 12ஆம் நாள் 13, 19ஆம் நாள் 11 என்று இருக்கிறது. அடுத்த முறை அதே கொட்டை வாங்கும்போது பதம் பிடிக்க ஒரு ஷாட்டுக்கு மேல் வீணாகாது.