லெப்பர்ட் கெக்கோ இரை எடுக்க மறுத்தால்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் வளரும் ஆண் லெப்பர்ட் கெக்கோவுக்கு (புள்ளிகள் கொண்ட ஒரு பல்லி இனம்) இரண்டு வயது ஆகிறது. சுவர்க்கோழியைக் கண்டதும் பாய்ந்து பிடிக்கும் பழக்கமுடைய அது, மூன்று வாரங்களாக இரையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வால் மட்டும் முன்போலவே தடித்திருக்கிறது. வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா, டாக்டர்?

பதில்: ஊட்ட வேண்டாம். வலுக்கட்டாயமாக வாயைத் திறக்கும்போது தாடை காயமடையலாம். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் பசியைவிடப் பெரிய ஆபத்து அது. இந்த இனம் கொழுப்பை வாலில்தான் சேமிக்கிறது. வால் தடித்திருக்கும் வரை, நன்கு வளர்ந்த கெக்கோ சில வாரப் பட்டினியைத் தாங்கிக்கொள்ளும். இனப்பெருக்கப் பருவத்தில் ஆண்களும், முட்டை உருவாகும் காலத்தில் பெண்களும், குளிர் மாதங்களில் இரு பாலுமே இரையைக் குறைத்துக்கொள்வது இயல்பு. தோல் மங்கி வெளிறத் தொடங்கினால் சட்டை உரிக்கப்போகிறது என்று பொருள். அந்தச் சில நாட்களிலும் அது இரையைத் தொடாது.

ஆனால் "பருவம்தான் காரணம்" என்று முடிவு கட்டுவதற்கு முன்பு, கெக்கோ வாழும் கண்ணாடித் தொட்டியின் வெப்பத்தை அளந்து பாருங்கள். என்னிடம் கேட்கப்படும் செரிமானக் கேள்விகளில் பெரும்பாலானவை இரையைப் பற்றியே பேசுகின்றன, வெப்பத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்வதில்லை. உங்கள் கடிதமும் அப்படித்தான். கெக்கோவுக்குத் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. வயிற்றுக்குள் செரிமான நொதிகள் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை, வெளியிலிருந்து கிடைக்கும் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு குறைந்தால் தின்ற பூச்சி செரிக்காமல் கிடக்கும், பசி அடங்கும், அடுத்த இரையை அது மறுக்கும். தொட்டியின் ஒரு பக்கத்தில், கெக்கோ பதுங்கும் மறைவிடத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். மறுபக்கம் ஏறக்குறைய 25 டிகிரி போதும். கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் வெப்பமானி காற்றின் சூட்டைத்தான் காட்டுமே தவிர, கெக்கோவின் வயிறு படும் இடத்தின் சூட்டைக் காட்டாது. ஆகவே டிஜிட்டல் வெப்பமானியின் உணர்முனையை மறைவிடத்துக்குள், தரையிலேயே வைத்து அளவிடுங்கள். தொட்டியைச் சூடாக்கும் மின்விரிப்பான ஹீட் மேட்டை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பயன்படுத்தாதீர்கள். வயிற்றில் தீப்புண்ணோடு வரும் கெக்கோக்களை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அடுத்து, ஒரு சிறு டப்பாவில் அதை விட்டு, சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை நிலையாக இருந்தால் பொறுத்திருக்கலாம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், அல்லது வால் மெலியத் தொடங்கினால், ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அதுவரை தினமும் ஒரு புது இரையை நீட்டி ஆசை காட்டுவதும், அடிக்கடி கையில் எடுத்துப் பார்ப்பதும் வேண்டாம். தின்னாத சுவர்க்கோழிகளை இரவு முழுவதும் தொட்டியில் விட்டுவிடாதீர்கள். அவை கெக்கோவையே கடித்துப் புண்ணாக்கும்.

கேள்வி: தொட்டியில் கால்சியம் மணல் பரப்பியிருக்கிறேன். அது வயிற்றுக்குள் போனாலும் செரித்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார். இப்போது ஐந்து நாட்களாக என் கெக்கோ மலம் கழிக்கவில்லை; வயிறும் உப்பியிருக்கிறது.

பதில்: கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். அந்த மணல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். இம்மியளவு உள்ளே போனால் இரைப்பை அமிலத்தில் கரையும் என்பது உண்மை. ஆனால் அளவு கூடினால் அது அமிலத்தையே முறித்துவிட்டு, கட்டியாகத் திரண்டு குடலை அடைக்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளில் இந்த இனம் இயற்கையாக வாழும் நிலம் இறுகிய மண்ணும் பாறையும் கலந்த வறண்ட தரை. அதைக் காலடி புதையும் மணல்மேடாகப் பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். அதோடு, மணலை நக்கித் தின்பது பல நேரங்களில் உடலில் கால்சியம் போதவில்லை என்பதன் அடையாளம். எனவே மணலை அகற்றிவிடுவதோடு நின்றுவிடாமல், சூடு, தண்ணீர், கால்சியம் மூன்றையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இன்றே மணலை நீக்கிவிட்டுச் சமையலறைப் பேப்பர் டவலை விரியுங்கள். ஏறக்குறைய 30 டிகிரிச் சூடுள்ள தண்ணீரில், வயிறு நனையும் உயரத்துக்கு மட்டும், பத்து அல்லது பதினைந்து நிமிடம் நிற்க விடுங்கள்; கூடவே இருந்து கவனியுங்கள். வயிற்றை அழுத்திப் பிசைவதும் வாயில் எண்ணெய் ஊற்றுவதும் கூடவே கூடாது. இரண்டு நாளில் மலம் வராவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். முக்கிக்கொண்டே இருந்தாலோ, பின்னங்கால்களை இழுத்து நடந்தாலோ அந்த இரண்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், எக்ஸ்ரே தேவைப்படும். ஒன்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்களுடையது பெண்ணாக இருந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் நீள்வட்டமாக இரண்டு வெளிர் உருவங்கள் தெரிந்தால், அவை முட்டைகள். ஆணுடன் சேராத பெண்ணும் முட்டை உருவாக்கும். முட்டை வெளிவராமல் தங்கினாலும் இதேபோல வயிறு உப்பும்; அதற்கான சிகிச்சை வேறு.

கேள்வி: மீல்வார்ம் (ஒரு வண்டின் புழு) மட்டும் கொடுத்து வளர்க்கலாமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுப்பது?

பதில்: குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை. இரையின் பருமன் கெக்கோவின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. விழுங்கிய மீல்வார்ம் வயிற்றைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் என்பது வெறும் கட்டுக்கதை. ஆயினும் ஒரே இரையை நம்பியிருப்பது நல்லதல்ல. சுவர்க்கோழியும், இரைக்காகவே வளர்க்கப்படும் டூபியா கரப்பானும் மாறிமாறி இருக்கட்டும். இந்தப் பூச்சிகள் எல்லாவற்றிலும் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் மிக அதிகம் என்பதால், கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பே அவற்றுக்குக் கீரையும் காரட்டும் தின்னக் கொடுத்து, பிறகு கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள். வாக்ஸ்வார்ம் (மெழுகுப் புழு) கொழுப்பு மிகுந்தது; அதில் ருசி கண்ட கெக்கோ மற்ற இரையை ஒதுக்கிவிடும். மின்மினிப் பூச்சி பல்லி இனங்களுக்கு நஞ்சு, ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன்பு வாங்கிய கெக்கோ, தின்ற இரையைச் செரிக்காமல் கக்குகிறது. வால் பென்சில்போல் மெலிந்துவிட்டது. பழைய கெக்கோவும் அதே தொட்டியில்தான் இருக்கிறது. அது நன்றாகத் தின்கிறது.

பதில்: முதலில் இரண்டையும் பிரித்து வையுங்கள். எப்போதோ ஒருமுறை கக்கினால், சூடு குறைவு, இரை பெரியது, தின்றவுடன் கையில் எடுத்தது என்று காரணம் தேடலாம். திரும்பத் திரும்பக் கக்குவதும், தின்றாலும் வால் மெலிவதும், மலம் நீராகப் போவதும் சேர்ந்து வந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை நான் முதலில் சந்தேகிப்பேன். அது குடலின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு, தின்றது உடலில் சேராமல் தடுக்கிறது. உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் சாதாரணக் குடற்புழுக்களும் காக்சிடியா என்ற நுண் ஒட்டுண்ணிகளும் இதேபோன்ற மெலிவைத் தரக்கூடும், அவற்றுக்கு மருந்து உண்டு. எனவே பரிசோதனைக்கு முன் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

காய்ந்துபோகாத புதிய மலத்தைச் சுத்தமான சிறு டப்பாவில் மூடி, அன்றே மருத்துவரிடம் கொடுத்து, ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையும் கேளுங்கள். ஒட்டுண்ணி எல்லா நாளும் மலத்தில் வெளிப்படுவதில்லை. ஒருமுறை 'இல்லை' என்று வந்தாலும் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும். பழைய கெக்கோவின் மலத்தையும் கட்டாயம் அனுப்புங்கள், ஏனெனில் அறிகுறியே இல்லாமல் இதைச் சுமக்கும் கெக்கோக்களும் உண்டு. முடிவு வரும்வரை தண்ணீர்க் கிண்ணம், இடுக்கி, மறைவிடம் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். பிளீச் இந்த ஒட்டுண்ணியைக் கொல்லாது. மரத்துண்டு, செயற்கைச் செடி போன்றவற்றைத் தூக்கி எறிந்துவிடுவதே நல்லது. தினமும் முதலில் பழையதைக் கவனித்துவிட்டு, பிறகு நோயுற்றதைத் தொடுங்கள், கையை சோப்பால் நன்றாகக் கழுவுங்கள்.